வெள்ளைப் பந்தில் மஞ்சள்

விளையாட்டில் தோற்றதற்காக நான் யாரிடமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதில்லை. கிருஷ்ணபிரசாத் சார்மீது எனக்கு ஒரு வருடம் முழுக்கக் கோபம் இருந்தது என்றால், அவர் என்னை ஸ்னூக்கரில் ஜெயித்தது காரணமல்ல. ஜெயித்த பிறகு, சுற்றி நின்ற யாருக்கும் புரியாமல் எனக்கு மட்டும் புரியும்படி, தமிழில் சொன்ன ஒரு வாக்கியம்தான் காரணம்.

எங்கள் அலுவலகத்தின் பின்பக்கம் வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளக் கொட்டகை ஒன்று இருந்தது. அதில்தான் ரிக்ரியேஷன் கிளப். கேரம் போர்டுகள், வலை தொங்கிப்போன ஒரு டேபிள் டென்னிஸ் மேஜை, மூன்று மாதப் பழைய ஹிந்திப் பத்திரிகைகள், நடுவில் அறையையே அடைத்துக்கொண்டு ஒரு ஸ்னூக்கர் மேஜை. பச்சைத் துணிக்கு அடியில் முழுக்கக் கற்பலகை. அதைத் தூக்கிப்போக ஆள் கிடைக்காததால்தான் இன்னும் அங்கே இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள்.

நான் அங்கே கிளார்க். குளித்தலையிலிருந்து கல்யாணம் ஆகி தில்லிக்கு வந்து, பரீட்சை எழுதி வேலைக்குச் சேர்ந்தவள். குளிர்காலத்தில் மதிய இடைவேளையானால் பெண்களெல்லாம் புல்வெளியில் வெயிலைப் பார்த்து உட்கார்ந்து, வேர்க்கடலையை உடைத்துத் தின்றுகொண்டே ஸ்வெட்டர் பின்னுவார்கள். எனக்கு அந்த ஊசி வசப்படவில்லை. ஒருமுறை என் கணவருக்காக ஆரம்பித்த ஸ்வெட்டர் தலையணை உறையாக முடிந்தது. அதோடு, சாயங்காலம் அலுவலகம் விட்டதற்கும் மோதி பாக் போகும் எங்கள் சார்ட்டர்ட் பஸ் கிளம்புவதற்கும் இடையில் சும்மா நிற்க வேண்டிய நேரம் நிறைய இருந்தது. சும்மா நிற்பது என் சுபாவம் இல்லை. அப்படித்தான் அந்தக் கொட்டகைக்குள் போனேன்.

யாரும் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டு கேபிள் டிவியில் வெள்ளைக்காரர்கள் ஆடுவதைப் பார்த்தேன். கிளப் அலமாரியில் இருந்த விதிப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். பந்துகளை வைக்கும் கறுப்புப் புள்ளிகள் மேஜையின் நடுவில் ஒரே நேர்கோட்டில் இருக்கும். வெள்ளைப் பந்தை அந்தக் கோட்டின்மேலேயே தள்ளி, எதிர் விளிம்பின் ரப்பர்க் குஷனில் மோதி, மறுபடி நான் அடித்த க்யூ கம்பின் முனைக்கே அது திரும்பி வர வேண்டும். அதை மட்டுமே பல மாதம் செய்துகொண்டிருந்தேன். பந்து கொஞ்சம் கோணலாக வந்தால் குற்றம் பந்தின்மேல் இல்லை, என் முழங்கைமேல்தான். அலுவலகத்தில் எந்த ஃபைலும் இவ்வளவு நியாயமாக என்னிடம் நடந்துகொண்டதில்லை.

என் கணவர் ஜோதிலிங்கம் வேறொரு அமைச்சகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தார். அதிகம் பேச மாட்டார். நான் ஸ்னூக்கர் ஆடுகிறேன் என்றதும், அது உட்கார்ந்து ஆடுவதா நின்று ஆடுவதா என்று மட்டும் கேட்டார். ஆனால் மீரட்டுக்கு டூர் போனவர் திரும்பி வரும்போது எனக்காக ஒரு க்யூ வாங்கி வந்தார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் அதைத் தூண்டில் என்று நினைத்து, யமுனையில் மீன் கிடைக்கிறதா என்று விசாரித்தாராம்.

நான் குள்ளம். அலுவலகத்தில் அலமாரியின் மேல்தட்டு ஃபைலை எடுக்க ஸ்டூல் கேட்பவள். வெள்ளைப் பந்து மேஜையின் உள்பக்கம் போய் நின்றுவிட்டால் ஆண்கள் ஒரு காலைத் தூக்கி மேஜை விளிம்பில் போட்டுக்கொண்டு எட்டி அடித்துவிடுவார்கள். சேலை கட்டிக்கொண்டு நான் அதைச் செய்ய முடியாது. எனக்கு ரெஸ்ட்தான். நுனியில் பித்தளைச் சிலுவை பொருத்திய நீளக் கம்பு அது. அதை மேஜையில் படுக்கவைத்து, சிலுவையின்மேல் க்யூவை வைத்து அடிக்க வேண்டும். பெரும்பாலோருக்கு ரெஸ்ட் என்றாலே கை நடுங்கும், அதனால் அதைத் தொடவே மாட்டார்கள், கேலிக்குக் கிழவன் தடி என்பார்கள். எனக்கு வேறு வழியில்லாததால் நான் அதோடு குடித்தனம் நடத்தக் கற்றுக்கொண்டேன்.

கிளப்புக்கு ஆண்டுக்கொரு போட்டி உண்டு. அதில் ஜெயிப்பவர் அமைச்சகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் போவார். பல வருடமாக அப்படிப் போய்க்கொண்டிருந்தவர் நிர்வாகப் பிரிவு செக்ஷன் ஆபீசர் கிருஷ்ணபிரசாத். கரோல் பாக்கில் தாத்தா காலத்திலிருந்தே இருக்கும் தஞ்சாவூர்க் குடும்பம். நல்ல ஆட்டக்காரர், அதை மறுக்க மாட்டேன். அவர் க்யூவை இழுத்து விடுவதே அழகாக இருக்கும். அது அவருக்கும் தெரியும் என்பதுதான் தொல்லை.

பெண்கள் பிரிவு என்று ஒன்று இல்லை. நான் ஒருத்தியே பெண் என்பதால் என்னையே எதிர்த்து நான் ஆட வேண்டியிருக்கும் என்று கமிட்டியிடம் சொன்னேன். பொதுப் பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள். முதல் வருடமே இறுதிக்கு வந்துவிட்டேன். அங்கேதான் அது நடந்தது.

தில்லியில் அப்போது பைக்கில் வந்து கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போவது சர்வ சாதாரணம். அதனால் தாலிக்கொடியை பேங்க் லாக்கரில் வைத்துவிட்டு, மஞ்சள் சரட்டில் தாலியைக் கோத்துப் போட்டிருந்தேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் பலரும் அப்படித்தான். அந்த இறுதி ஆட்டத்தில், நான் குனிந்து ஒரு பந்தைக் குறிபார்க்கும்போது ரவிக்கைக்குள்ளிருந்து தாலி வெளியே நழுவி, ஆடி, பக்கத்தில் இருந்த பிங்க் பந்தைத் தட்டிவிட்டது. நான் கவனிக்கவில்லை. நடுவராக நின்ற பல்லா கவனித்தார். பல்லா கிளப்பின் மேற்பார்வையாளர், பஞ்சாபி, விதி என்றால் தன் சொந்தத் தம்பிக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். க்யூவின் முனை தவிர வேறு எது பந்தைத் தொட்டாலும் ஃபவுல். சட்டைக் கை தொட்டாலும், தலைமுடி தொட்டாலும் ஃபவுல். பிங்க்குக்கு உரிய ஆறு பாயிண்ட் கிருஷ்ணபிரசாத்துக்குப் போனது, ஆட்டமும் அதோடு போனது.

ஃபவுல் ஃபவுல்தான். அதில் எனக்குச் சண்டை இல்லை. கைகுலுக்கும்போது கிருஷ்ணபிரசாத் சிரித்துக்கொண்டே சொன்னார்.

“ஆத்துலயே கழட்டி வெச்சுட்டு வந்திருக்கலாமே மேடம். ஒன் அவர்தானே. ஸ்வாமி ஒண்ணும் கோச்சுக்க மாட்டார்.”

சுற்றி நின்றவர்கள் ஏதோ பாராட்டு என்று நினைத்துக் கை தட்டினார்கள். என் காது எரிந்தது. புருஷன் உயிரோடு இருக்கிறவளிடம் தாலியைக் கழற்று என்று எங்கள் ஊரில் யாரும் விளையாட்டுக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். அவருக்கும் அது தெரியும், அவர் வீட்டிலும் ஒருத்தி அதைப் போட்டிருக்கிறாள். ஹிந்தியில் சொல்லியிருந்தால் நாலு பேர் முன்னால் பதில் சொல்லியிருப்பேன். தமிழில் சொன்னதால் அந்த அறையில் அதைக் கேட்டவள் நான் ஒருத்திதான்.

உண்மையைச் சொன்னால் நான் பெரிய பக்திக்காரி இல்லை. வேறு யாராவது நல்ல விதமாக யோசனை சொல்லியிருந்தால், ஒரு மணி நேரம்தானே என்று கழற்றிக் கைப்பையில் போட்டிருந்தாலும் போட்டிருப்பேன். ஆனால் அவர் சொல்லிவிட்டார். இனிமேல் முடியாது. அடுத்த வருடம் அதே மேஜையில், அவரையே, தாலியைக் கழற்றாமல் ஜெயிக்க வேண்டும். இதுதான் நான் எடுத்துக்கொண்ட தீர்மானம். எனக்குக் கோப்பைகூடப் பெரிதாகத் தோன்றவில்லை.

தீர்மானம் செய்வது சுலபம், தாலியை என்ன செய்வது என்பதுதான் கஷ்டம். முதலில் ஊக்கு போட்டு ரவிக்கையோடு சேர்த்துக் குத்தினேன். கையை நீட்டினால் ரவிக்கை இழுத்தது, ரவிக்கை சரட்டை இழுத்தது, சரடு கழுத்தை இழுத்தது, அடிக்கிற சமயத்தில் தலை தானாக நிமிர்ந்தது. தலை நிமிர்ந்தால் அடி போச்சு. ஒருநாள் ஊக்கு திறந்துகொண்டு நெஞ்சில் குத்தியும் விட்டது. பிறகு தாலியை முதுகுப்பக்கம் தள்ளிப் பார்த்தேன். குனிந்ததும் அது தோளைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து எட்டிப் பார்த்தது. பிறகு கழுத்து மூடிய ரவிக்கை தைத்துக்கொண்டேன். இதுதான் சரி என்று நினைத்தேன், இதுதான் எல்லாவற்றையும்விட மோசம். குனிந்து அடிக்கும்போது க்யூ நெஞ்சை உரசிக்கொண்டே ஓட வேண்டும். துணிக்கு அடியில் தாலிப் பொட்டு மேடாக இருந்தால், க்யூ அதில் ஏறி இறங்கும். மயிரிழை விலகினால் போதும், பந்து அந்தக் கோடியில் இரண்டு விரல் தள்ளிப் போய்விடும்.

இப்படியே மழைக்காலம் வந்தது. ஐந்தாவது சம்பளக் கமிஷன் வந்த வருடம் அது. அலுவலகத்தில் எல்லோரும் அரியர்ஸைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள், நான் கழுத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். அரையிறுதியில் ஒரு மலையாளி அண்டர் செக்ரட்டரியை ஜெயித்து மறுபடி இறுதிக்கு வந்துவிட்டேன். அந்த ஆட்டத்தில் பாதி நேரம் இடது கையால் தாலியைப் பிடிப்பதா, க்யூவைத் தாங்குவதா என்று தவித்தேன். கிருஷ்ணபிரசாத்திடம் அது செல்லாது.

இறுதி ஆட்டம் ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தின நாள் ஆடிப் பதினெட்டு.

எங்கள் ஊரில் அன்றைக்குக் காவிரிக் கரையில் புதுச் சரடு மாற்றிக்கொள்வார்கள். மோதி பாக் குவார்ட்டர்ஸில் ஏது காவிரி. பித்தளைக் குடத்தில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, மஞ்சள் கரைத்து, நாலு பூவைப் போட்டு, அதையே காவிரி என்று கும்பிட்டுக்கொள்வோம். ஊரில் மூத்த சுமங்கலி கட்டிவிடுவாள். இங்கே எனக்கு அந்த வேலையைச் செய்வது என் கணவர்தான். புதுச் சரட்டில் ஈர மஞ்சளைப் பூசி, தாலியைக் கோத்து, என் பின்னால் வந்து நின்றார். அப்போதுதான் எனக்குத் தோன்றியது. சரட்டை மறைப்பதற்குத்தான் இத்தனை நாள் வழி தேடியிருக்கிறேன், அதன் நீளத்தைப் பற்றி நினைக்கவே இல்லை.

“ஏங்க, கழுத்தோட ஒட்டிக் கட்டுங்க” என்றேன்.

அவர் கை நின்றுவிட்டது. தாலி நெஞ்சில் கிடக்க வேண்டும் என்று அவருடைய அம்மா சொல்லுவதை எனக்கு ஞாபகப்படுத்தினார். அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சரடு நெஞ்சுவரைக்கும் தொங்குவதுதான் வழக்கம், அதைக் குட்டையாகக் கட்டி யாரும் பார்த்ததில்லை. நான் அப்போதுதான் போன வருடம் கிருஷ்ணபிரசாத் சொன்னதை அவரிடம் சொன்னேன். ஒரு வருடம் அதை மனத்துக்குள்ளேயே வைத்திருந்தேன்.

அவர் சரட்டைச் சுருக்கிக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்தார். முடிச்சுப் போடுவதற்கு முன் சரட்டுக்கும் என் தொண்டைக்கும் நடுவில் தன் ஆள்காட்டி விரலை விட்டுப் பார்த்தார்.

“இந்த அளவு இருக்கட்டுமா?”

“விரலை எடுத்துட்டுக் கட்டுங்க.”

“மூச்சு முட்டும் வல்லி.”

“ஒரு நாள்தானே. முட்டட்டும்.”

விரலை எடுத்துவிட்டுக் கட்டினார். முடிச்சைப் போட்டுவிட்டு, சரியாகத்தான் கட்டினோமா என்று பின்னாலிருந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். சுந்தரவல்லி என்ற என் முழுப் பெயரையும் ஒருமுறை சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை மழை வரும்போல் இருந்து வரவே இல்லை. கொட்டகைக்குள் புழுக்கம் தாங்கவில்லை. ஈரக் காற்றில் மேஜைத் துணி நமுத்துப்போய், பந்துகள் வழக்கத்தைவிட மெதுவாக ஓடின. என் கழுத்தில் புதுச் சரடு வேர்வையில் ஊறி, மஞ்சள் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைத்துத் துடைத்து விரல்களெல்லாம் மஞ்சள். ரவிக்கைக் கழுத்துக்கு மேலே சேலைத் தலைப்பை இழுத்துச் சுற்றி இடுப்பில் செருகியிருந்ததால், சரடு எப்படிக் கட்டியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பார்க்க வந்தவர்களில் கிருஷ்ணபிரசாத்தின் மனைவி வத்சலாவும் இருந்தார். என்னைத் தவிர அந்த அறையில் இருந்த ஒரே பெண் அவர்தான். சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயிக்க வேண்டும். முதல் ஆட்டம் அவருக்கு, நான் நிமிர்வதற்குள் முடிந்துவிட்டது. இரண்டாவது எனக்கு. அதில் நான் ஒன்றும் பிரமாதமாக ஆடவில்லை. அவர் ஒவ்வொரு முறையும் வேகமாக அடித்தார், நான் ஒவ்வொரு முறையும் வெள்ளைப் பந்தைக் குஷனை ஒட்டி ஒளித்துவைத்தேன். அவருக்குப் பொறுமை போயிற்று. குனியும்போது சரடு என் தொண்டையில் கடித்தது. குனிந்தபடியே முகத்தை நிமிர்த்திக் குறிபார்க்க வேண்டும் என்பதால், ஒவ்வொரு அடிக்கும் அது இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. எச்சில் விழுங்குவதற்கே வலித்தது. விழுங்காமல் இருந்தேன்.

மூன்றாவது ஆட்டத்தில் கடைசி மூன்று பந்துகள்தான் மேஜையில் மிச்சம். நீலம், பிங்க், கறுப்பு. ஐந்து, ஆறு, ஏழு, மொத்தம் பதினெட்டு பாயிண்ட். அவர் பதினாறு முன்னால் இருந்தார். நீலத்தைக் குழியில் போட்டுவிட்டால் அவருக்கு வேலை முடிந்தது. மெதுவாகத் தட்டினாலே விழுந்திருக்கும். அவரால் மெதுவாகத் தட்ட முடியாது, பார்க்க ஆள் இருக்கிறார்களே. பளீரென்று அடித்தார். நீலம் நடுப் பாக்கெட் குழியின் வாயில் இடித்து வெளியே நின்றது. வெள்ளை ஓடிப்போய் மூலைப் பாக்கெட்டில் விழுந்தது. ஃபவுல், எனக்கு ஐந்து பாயிண்ட். வித்தியாசம் பதினொன்று ஆனது. மூன்றையும் போட்டால் நான் ஜெயிக்கலாம், ஒன்று தவறினாலும் வீட்டுக்குப் போகலாம்.

வெள்ளை பாக்கெட்டில் விழுந்தால், அடுத்து ஆடுபவர் அதைக் கையால் எடுத்து, கோட்டுக்குப் பின்னால் உள்ள அரைவட்டத்துக்குள் தனக்கு வேண்டிய இடத்தில் வைத்துக்கொள்ளலாம். நான் கழுத்தைத் துடைத்துக்கொண்டேன். பந்தை வாங்கி வைத்தேன். குனிந்தேன். நீலம் விழுந்தது. வெள்ளை ஒரு குஷனில் மோதி, பிங்க் பந்துக்குச் சரியான கோணத்தில் வந்து நின்றது.

அடுத்த அடிக்கு நான் க்யூ முனையில் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டிருந்தபோது கிருஷ்ணபிரசாத் நாற்காலியிலிருந்து எழுந்தார். மேஜைக்கு வந்து வெள்ளைப் பந்தை உற்றுப் பார்த்தார். பல்லாவைக் கூப்பிட்டு, போன அடியில் ஃபவுல் நடந்திருக்கிறது, நீலம் செல்லாது என்று ஹிந்தியில் சொன்னார். பல்லா தான் எதையும் பார்க்கவில்லை என்றார். பந்தைப் பாருங்கள் என்றார் இவர்.

வெள்ளைப் பந்தில் ஓர் இடத்தில் மஞ்சள் தீற்றலாக இருந்தது. பல்லா அதை ஏதோ அழுக்கு என்று நினைத்துத் துடைக்கப் போனார். கிருஷ்ணபிரசாத் அவர் கையைத் தடுத்து விளக்கினார். நேற்று மதராஸிகளுக்கு ஒரு பண்டிகை, பெண்கள் மங்கள சூத்திரத்துக்குப் புது மஞ்சள் கயிறு மாற்றுவார்கள், தன் வீட்டிலும் நேற்று மாற்றினார்கள், அது நெஞ்சுவரை தொங்கும், குனிந்தபோது பந்தில் பட்டிருக்கிறது, போன வருடமும் இதேதான் என்றார். வழக்கத்தைப் பற்றி எல்லாவற்றையும் சரியாகவே சொன்னார். ஒரு பஞ்சாபிக்கோ வங்காளிக்கோ அந்த மஞ்சளைப் பார்த்தால் ஒன்றும் தோன்றியிருக்காது. எங்கள் வழக்கம் அத்தனையும் தெரிந்த ஒருவரால்தான் அப்படி அடித்துச் சொல்ல முடியும்.

இந்த ஆத்திரத்தோடு பிங்க்கை அடிக்க முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, க்யூவை மேஜைமேல் சாய்த்துவைத்தேன். பல்லாவிடம் என் விரல்களைக் காட்டினேன். மஞ்சள் என்னுடையதுதான், பந்தைக் கையால் வைத்தபோது ஒட்டியது, கயிறு அதில் படவே முடியாது என்றேன். ஏன் முடியாது என்றார் பல்லா. பாருங்கள் என்றேன்.

பல்லா சங்கடப்பட்டார். ஒரு பெண்ணின் கழுத்தைக் குனிந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு சுவரோரம் திரும்பி, வத்சலாவைக் கையெடுத்துக் கும்பிட்டு, பெஹன்ஜி, நீங்கள் வந்து பார்த்துச் சொல்ல முடியுமா என்றார்.

கிருஷ்ணபிரசாத்துக்கும் அதில் ஆட்சேபணை இல்லை. மனைவி கணவனுக்குச் சாதகமாகத்தானே சொல்வாள் என்று நானும் நினைத்தேன். வத்சலா பையை நாற்காலியில் வைத்துவிட்டு வந்தார். அரைவட்டத்தருகே நான் முன்பு நின்ற மாதிரியே நின்று, க்யூவைப் பிடித்து, முழுக்கக் குனிந்தேன். அவர் என் சேலைத் தலைப்பை விலக்கினார். தாலி தொண்டைக் குழியில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அவர் ஒரு விரலைச் சரட்டுக்கு அடியில் விடப் பார்த்தார். விரல் போகவில்லை. அந்த விரல் அப்படியே அங்கே நின்றது.

“யார் கட்டினா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“எங்க வீட்டுக்காரர்தான்.”

அவர் நிமிர்ந்தார். பல்லாவைப் பார்த்து, இது எட்டாது, எட்டவே முடியாது என்று எல்லோருக்கும் கேட்கும்படி ஹிந்தியில் சொன்னார். கிருஷ்ணபிரசாத் தானும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதுபோல் ஓர் அடி முன்னால் வந்தார்.

“நீங்க ஒண்ணும் பாக்க வேண்டாம். நான் பாத்தாச்சு” என்றார் வத்சலா.

பல்லா வெள்ளைப் பந்து இருந்த இடத்தை அடையாளம் வைத்து, அதை எடுத்துத் துடைத்து, மறுபடி அங்கேயே வைத்தார். நீலம் செல்லும் என்று அறிவித்தார்.

பிங்க்கைப் போட்டேன். அது விழுந்ததும் கணக்குச் சமமாகிவிட்டது, இனி கறுப்பு யாருக்கோ அவருக்கே ஆட்டம். ஆனால் ஈரத் துணி என்னை ஏமாற்றிவிட்டது. குஷனில் மோதித் திரும்பி என் பக்கம் வந்திருக்க வேண்டிய வெள்ளை, பாதி வழியில் களைத்து, மேஜையின் உள்பக்கமே நின்றுவிட்டது. எந்தப் பக்கம் நின்றாலும் என் இடது கை அங்கே எட்டாது. கிருஷ்ணபிரசாத் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். பாதுகாப்பாக எங்காவது தட்டிவிட்டு மேடம் ஒதுங்கிக்கொள்வாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

மேஜைக்கு அடியிலிருந்து ரெஸ்ட்டை எடுத்தேன். யாரோ கிழவன் தடி என்று முணுமுணுத்தார்கள்.

சிலுவையை வெள்ளைக்குப் பின்னால் வைத்தேன். ரெஸ்ட்டின் கைப்பிடியை இடது கையால் துணியோடு அழுத்திப் பிடித்தேன். க்யூவின் அடிப்பாகத்தை விரல்களால் மட்டும் பிடித்து, முழங்கையை வெளியே விரித்து, முகத்தைக் க்யூவுக்கு நேராகக் கொண்டுவந்தேன். கறுப்பின் பாதியை மறைக்கிற மாதிரி வெள்ளை போய்ப் பட வேண்டும், அவ்வளவுதான். சரடு தொண்டையை அறுத்தது. மூச்சு விட்டால் தலை அசையும், விடவில்லை. இரண்டு முறை க்யூவை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தேன், மூன்றாவது முறை விட்டேன்.

கறுப்பு அவசரமே இல்லாமல் போனது. நமுத்த துணியில் அது போய்ச் சேர்வதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. மூலைப் பாக்கெட்டின் விளிம்பில் ஒரு கணம் யோசித்த மாதிரி இருந்தது, பிறகு விழுந்துவிட்டது.

முதலில் கை தட்டியது வத்சலா. பிறகு பல்லா தன் நடுவர் பதவியை மறந்து தட்டினார். கிருஷ்ணபிரசாத் எழுந்து வந்து கை நீட்டினார். தோல்வியை நன்றாகவே தாங்கிக்கொண்டார், அதையும் சொல்ல வேண்டும். வாழ்த்துச் சொன்னார், ரெஸ்ட்டில் இப்படி ஓர் அடி தான் பார்த்ததில்லை என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டே, ஒரு வருடமாக எடுத்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

“கழட்டல சார்.”

அவர் புரியாமல் பார்த்தார். “எதை மேடம்?”

நடிக்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. நான் ஒரு வருடம் ராத்திரி பகல் சுமந்த வாக்கியத்தை அவர் அன்றைக்கே, அந்த வாசலிலேயே உதறிவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு மறுபடி கோபம் வந்தது, உடனே சிரிப்பும் வந்தது. வத்சலா என் கழுத்தைப் பார்த்தார், தன் கணவரைப் பார்த்தார், போன வருடம் இவர் உங்களிடம் என்ன சொன்னார் என்று என்னைக் கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

“ஆத்துக்குப் போய் நான் ஞாபகப்படுத்தறேன்” என்றார்.

அன்றைக்குக் கரோல் பாக்கில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் கிருஷ்ணபிரசாத் என் சீட்டுக்கே வந்து நின்று மன்னிப்புக் கேட்டார். தமிழில்தான் கேட்டார், ஆனால் செக்ஷன் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற குரலில் கேட்டார்.

அது மறுநாள். ஜெயித்த அன்றே சாயங்காலம் சார்ட்டர்ட் பஸ் மோதி பாக்கில் என்னை இறக்கிவிட்டபோது, என் கணவர் நிறுத்தத்திலேயே நின்றுகொண்டிருந்தார். வழக்கமாக அப்படி நிற்பவர் இல்லை. அரை நாள் லீவு போட்டிருக்கிறார். கையில் ஒரு காகிதப் பொட்டலம். என் ஒரு கையில் க்யூ, இன்னொரு கையில் கோப்பை. அவர் இரண்டையும் பார்க்கவில்லை, கழுத்தைத்தான் பார்த்தார். சரடு கிடந்த இடம் முழுக்க வட்டமாகச் சிவந்து தடித்திருந்தது.

“நேத்தே தெரியும் எனக்கு. நீ சொன்னேன்னு இறுக்கிட்டேன்” என்றார். பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். வேறொரு சரடு, நல்ல நீளம், மஞ்சள் பூசிக் காயவைத்தது. “வா, மொதல்ல இதை மாத்திடுவோம்.”

“நான் ஜெயிச்சுட்டேங்க.”

“அதான் தெரியுதே. வலிக்குதா?”

அதுவரைக்கும் எனக்கு அழுகை வரவில்லை. பிங்க் விழுந்தபோதும் வரவில்லை, கறுப்பு விழுந்தபோதும் வரவில்லை. மோதி பாக் பஸ் நிறுத்தத்தில், சுட்ட மக்காச்சோளம் விற்கிறவன் பார்த்துக்கொண்டிருக்க, கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அழுதேன். அவர் க்யூவை வாங்கிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

அழுது முடித்ததும், அடுத்த மாதம் அமைச்சகங்களுக்கு இடையிலான போட்டி இருக்கிறது, அதுவரை நீளச் சரடு வேண்டாம் என்றேன். அவர் யோசித்தார். பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டிக் காட்டினார்.

“இந்த ஒரு விரல் அளவுக்காவது தளத்திக் கட்டுறேன். அதுக்குமேல கேக்க மாட்டேன்.”

அந்த விரலைப் பார்த்தேன். ஒரு விரல் தளர்ந்தாலும் பந்துக்கு எட்டாது என்று கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டேன்.

“சரி, ஒரு விரல்” என்றேன்.